சங்கிலிக்குச் சனிக்கிழமை ஸ்நானம்

சனிக்கிழமை எண்ணெய் ஸ்நானம் என்பது நம் வீடுகளில் தலைமுறை தலைமுறையாக வந்துகொண்டிருக்கும் வழக்கம். தலைக்கு எண்ணெய் வைத்து, ஊறவிட்டு, சீயக்காய் தேய்த்துக் குளித்து, சுடச் சுட மிளகு ரசம் சாப்பிட்டு, 'இன்றைக்குப் பகலில் தூங்கக் கூடாது' என்று பாட்டி சொல்லும் எச்சரிக்கையையும் மீறிக் கண் அயர்ந்துவிடும் அந்தச் சுகத்தை அறியாதவர் யார்? எங்கள் வீட்டில் சனிக்கிழமைதோறும் இப்போது இரண்டு ஸ்நானங்கள் நடைபெறுகின்றன. ஒன்று மனிதர்களுக்கு, மற்றொன்று வாசலில் நிற்கும் மோட்டார் சைக்கிளின் சங்கிலிக்கு.

"குடும்பத்தினர் அனைவரும் படிக்கும் பத்திரிகையில் இது என்ன விஷயம்? சங்கிலி என்றால் கழுத்துச் சங்கிலியைப் பற்றி எழுதலாகாதா?" என்று சில சகோதரிகள் கேட்கக்கூடும். நியாயமான கேள்விதான். ஆனால் சற்று யோசித்துப் பாருங்கள். கழுத்துச் சங்கிலியை நாம் பெட்டியில் வைத்துப் பூட்டிப் பாதுகாக்கிறோம். நம் கணவரையும், பிள்ளையையும், பின்னால் ஒருக்களித்து அமர்ந்து வரும் நம்மையும் நாள்தோறும் இழுத்துச் செல்லும் இந்த இரும்புச் சங்கிலியையோ, அது 'கடகட' என்று ஓலமிடும் வரையில் நாம் ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. ஆகையால் இந்த வாரம் அதைப் பற்றியே எழுதத் துணிந்தேன். துணிந்ததற்கு வேறொரு காரணமும் உண்டு. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

மோட்டார் சைக்கிளைச் சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, இஞ்சினை ஓடவிட்டு, முதல் கியரில் போட்டால் பின் சக்கரம் அந்தரத்தில் சுழலும், சங்கிலியும் ஓடும். அப்போது மண்ணெண்ணெய் தோய்த்த துணியைச் சங்கிலியின்மேல் பிடித்தால் போதும். இரண்டே நிமிஷத்தில் அத்தனை கண்ணிகளும் பளிச்சென்று துடைபட்டுவிடும். இந்தச் சாமர்த்தியத்தை நான் யாரிடமோ கண்டு கற்றுக்கொண்டு, இருபது வருஷ காலம் என் வீட்டு வாசலில் செய்துவந்தேன். பாடம் நடத்துவது என் தொழில். ஆனால், வாய் திறவாமலே நான் நடத்திய பாடம் அது. என் மகன் சிறு பையனாய் இருந்தபோது பக்கத்தில் குந்தியிருந்து அதைப் பார்த்துக்கொண்டே வளர்ந்தான்.

சென்ற ஆடி மாதத்தில், காற்றும் புழுதியுமாய் இருந்த ஒரு நாள், கல்லூரிக்குச் செல்லுமுன் அவன் அந்தச் சாமர்த்தியத்தைத் தானே செய்து பார்த்தான். துணியின் ஒரு முனை சங்கிலிக்கும் பின் பற்சக்கரத்துக்கும் நடுவில் அகப்பட்டுக்கொண்டது. துணியை இழுத்த சங்கிலி அதைப் பிடித்திருந்த விரலையும் இழுத்தது. கண் இமைக்கும் நேரந்தான். வலது கைச் சுட்டுவிரலின் நுனிக் கணு போய்விட்டது. அதை மீண்டும் ஒட்டவைக்க இயலவில்லை.

வைத்தியசாலையில் டாக்டர் கேட்ட முதற்கேள்வி, "இஞ்சின் ஓடிக்கொண்டிருந்ததா?" என்பதுதான். இத்தகைய கைகளை அவர் முன்பே பார்த்திருந்தார் என்பது அந்தக் கேள்வியிலேயே விளங்கியது. "ஏன் அப்பா அப்படிச் செய்தாய்?" என்று அவர் பையனைக் கேட்டார். அவன், "அப்பா எப்போதும் அப்படித்தான் துடைப்பார்" என்றான். என்னைக் குற்றம் சொல்வதற்காக அவன் சொல்லவில்லை. கேட்டதற்கு உண்மையைச் சொன்னான், அவ்வளவே. ஆனால் இருபத்திரண்டு வருஷ உபாத்தியாயர் உத்தியோகத்தில் என் மாணாக்கர் எவருடைய பதிலும் என்னை அப்படித் தலைகுனியச் செய்ததில்லை. அன்று முதல் சங்கிலியைப் பற்றிச் சரியானபடி கற்றுக்கொள்ள வேண்டுமென்று தீர்மானித்தேன். கற்றதை நேயர்களுடன் பகிர்ந்துகொள்கிறேன்.

சங்கிலியின் கதை

மோட்டார் சைக்கிளில் உள்ளது சாதாரணச் சங்கிலி அன்று. கிணற்று வாளியில் கட்டும் வளையச் சங்கிலியைப் போன்றதும் அன்று. அது உருளைச் சங்கிலி. ஸ்விட்ஸர்லாந்தில் பிறந்து இங்கிலாந்தில் குடியேறிய ஹான்ஸ் ரெனால்டு என்னும் பொறியியலாளர், 1879-ஆம் வருஷத்தில், நெசவு யந்திரங்களுக்குச் சங்கிலி செய்யும் ஒரு சிறு தொழிலை மாஞ்செஸ்டருக்கு அருகில் விலைக்கு வாங்கினார். மறு வருஷம், 1880-இல், இன்றைக்கும் நம் வண்டிகளில் ஓடிக்கொண்டிருக்கும் உருளைச் சங்கிலியை அவர் உருவாக்கினார். மாஞ்செஸ்டர் என்றதும் நம் பாட்டனார் காலத்தில் தெருமுனையில் குவித்து எரித்த சீமைத் துணிதான் நமக்கு ஞாபகம் வரும். துணியை வேண்டாமென்று தள்ளிய தேசம், சங்கிலியைத் தானே செய்யக் கற்றுக்கொண்டது. 1949-இல் அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள் தொழிற்சாலை ஏற்பட்டது. 1955-இல் என்பீல்டு இந்தியா நிறுவனம் தோன்றி, திருவொற்றியூரிலிருந்து 'புல்லட்' வண்டிகள் வெளிவரலாயின. 1937-இல் போக்குவரத்துத் தொழிலாகக் கோயம்புத்தூரில் ஆரம்பித்த எல்.ஜி.பி. நிறுவனம், பிற்பாடு 'ரோலான்' என்ற பெயரில் சங்கிலிகளைச் செய்து பெயர் பெற்றது. ஆகவே உங்கள் வண்டியின் சங்கிலி கொங்கு நாட்டில் பிறந்ததாகவே இருக்கலாம்.

இந்தச் சங்கிலியின் ஒரு கண்ணியை உற்றுப் பாருங்கள். இரு பக்கமும் இரண்டு தகடுகள். அவற்றை இணைக்கும் ஓர் ஆணி. அந்த ஆணியின்மேல் ஒரு குழல். குழலின்மேல் தாராளமாய்ச் சுழலும் ஓர் உருளை. பற்சக்கரத்தின் பல்லில் வந்து உட்காருவது உருளை. ஆனால் கண்ணி மடங்கும்போதெல்லாம் உண்மையில் உராய்வது, உள்ளே ஒளிந்திருக்கும் ஆணியும் குழலுந்தான். இந்த ஒரு சங்கதியை மனத்தில் வைத்துக்கொண்டால், பின்னால் சொல்லப்போகும் யாவும் தாமாகவே விளங்கும். நம் கண்ணுக்குத் தெரியும் இடத்தில் தேய்மானம் அற்பம். கண்ணுக்குத் தெரியாத இடத்தில்தான் சங்கிலியின் ஆயுள் இருக்கிறது.

ஒரு சிறு கணக்கு

கணக்கு என்றதும் பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். எளிய கணக்குத்தான். சாதாரண வண்டி ஒன்றை எடுத்துக்கொள்வோம். அதன் பின் பற்சக்கரத்தில் 42 பற்கள். சங்கிலியில் 108 கண்ணிகள். பின் சக்கரம் ஒரு முறை சுற்றினால் வண்டி 1.9 மீட்டர் நகரும் என்று வைத்துக்கொள்வோம். ஒரு கிலோமீட்டர் செல்வதற்குச் சக்கரம் சுமார் 526 முறை சுற்ற வேண்டும். அப்போது ஏறக்குறைய 22,000 கண்ணிகள் பற்சக்கரத்தைக் கடந்து போகின்றன. அதாவது, சங்கிலி முழுவதும் 200 தடவைக்கு மேல் வலம் வருகிறது. ஒவ்வொரு வலத்திலும் ஒவ்வொரு மூட்டும் முன் பற்சக்கரத்தில் ஏறும்போது ஒரு முறை, இறங்கும்போது ஒரு முறை, பின் பற்சக்கரத்திலும் அவ்வாறே இரு முறை, ஆக நான்கு முறை வளைந்து நிமிர்கிறது. கிலோமீட்டருக்கு எண்ணூறு முறை! 500 கிலோமீட்டர் ஓடிய வண்டியில் ஒவ்வொரு மூட்டும் நான்கு லட்சம் முறை மடங்கியிருக்கும். நாம் நான்கு லட்சம் தோப்புக்கரணம் போட்டால் நம் முழங்கால் என்ன கதியாகும்? சங்கிலி ஒரு சொட்டு எண்ணெய்தான் கேட்கிறது.

"செயின் நீண்டுபோய்விட்டது, ஸார்" என்று பட்டறைக்காரர் சொல்லக் கேட்டிருப்பீர்கள். எஃகுத் தகடு ரப்பரைப் போல நீண்டுவிட்டது என்றே நானும் வெகு காலம் எண்ணியிருந்தேன். அது தவறு. தகடு நீள்வதில்லை. உள்ளே ஆணியும் குழலும் தேய்ந்து இடைவெளி உண்டாகிறது. ஒரு மூட்டில் கால் மில்லிமீட்டர், அதாவது நோட்டுப் புத்தகத் தாள்கள் மூன்றை அடுக்கிய கனந்தான் தேய்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 108 மூட்டுகளிலும் அது சேரும்போது சங்கிலி ஓர் அங்குலத்துக்கும் அதிகமாக நீண்டுவிடுகிறது. சிறுகச் சிறுகச் செலவழிந்த குடும்பப் பணத்தைப் போல, கணக்குப் பார்க்கும்போதுதான் மொத்த நஷ்டம் தெரியவருகிறது.

தேய்ந்த சங்கிலியினால் வரும் கேடு பணத்தோடு நிற்பதில்லை. தளர்ந்த சங்கிலி பள்ளத்தில் வண்டி விழுந்து எழும்போது பல்லை விட்டு நழுவலாம். நழுவிய சங்கிலி சக்கரத்தில் சிக்கினால், ஓடுகிற வண்டியின் பின் சக்கரம் திடீரென்று இறுகி நின்றுவிடும். பின்னால் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு ஒருவர் உட்கார்ந்திருக்கையில் அப்படி நேர்ந்தால் என்ன ஆகும் என்பதை நான் விவரிக்க வேண்டியதில்லை.

முதலில் குளியல், பிறகு எண்ணெய்

மனிதர்களின் ஸ்நானத்தில் முதலில் எண்ணெய், பிறகு சீயக்காய். சங்கிலியின் ஸ்நானத்தில் இது தலைகீழ். முதலில் அழுக்கைப் போக்க வேண்டும். பிறகுதான் எண்ணெய் விட வேண்டும். நம்மில் பெரும்பாலோர் செய்யும் பிழை, புழுதி படிந்த சங்கிலியின்மேல் அப்படியே எண்ணெயை ஊற்றுவதுதான். புழுதி என்பது நுண்ணிய மணல். மணலும் எண்ணெயும் கலந்தால், கத்தி தீட்டுகிறவன் சாணைக்கல்லில் செய்யும் வேலையை அது சங்கிலியின் மூட்டுகளுக்குள் செய்யும். எண்ணெய் விட்டுவிட்டோம் என்ற திருப்தி நமக்கு. அரைபடும் துன்பம் சங்கிலிக்கு.

செய்முறையை ஒழுங்காகச் சொல்கிறேன்.

முதலாவது, இஞ்சினை நிறுத்துங்கள். கியரை நியூட்ரலில் வையுங்கள். சாவியை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். இந்த மூன்றையும் செய்யாமல் சங்கிலிக்கு அருகில் விரலைக் கொண்டுபோகாதீர்கள். குழந்தைகளைச் சற்றுத் தள்ளி உட்காரச் சொல்லுங்கள். வேட்டியை இறுக்கி மடித்துக் கட்டுங்கள். தாவணியானாலும் துப்பட்டாவானாலும் இடுப்பில் செருகிக்கொள்ளுங்கள். விரலில் மோதிரம் இருந்தால் கழற்றி வையுங்கள்.

இரண்டாவது, சைலன்ஸரின் சூடு ஆறட்டும். கழுவுவதற்கு மண்ணெண்ணெய் உத்தமம். அது கிடைக்காத ஊர்களில், கடைகளில் விற்கும் செயின் கிளீனரை வாங்கிக்கொள்ளலாம். பெட்ரோல் கூடவே கூடாது. அதன் ஆவி தொலைவிலுள்ள சிறு பொறியிலும் பற்றிக்கொள்ளும். மண்ணெண்ணெயாயினும் சமையலறை அடுப்புக்கும், பூஜை விளக்குக்கும், வாயில் புகையும் சுருட்டுக்கும் எட்டாத இடமாய், வெளியிலே வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, வண்டியைச் சமதரையில் சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, அடியில் பழைய செய்தித்தாளைப் பரப்புங்கள். மண்ணெண்ணெயில் நனைத்த மென்மையான தூரிகையால் சங்கிலியின் கீழ்ப்பகுதியைத் தேயுங்கள். பழைய பல் துலக்கும் பிரஷ் இதற்கு நன்கு உதவும். இரு பக்கத் தகடுகள், உருளைகள், தகடுகளின் சந்துகள் எல்லாவற்றையும் தேய்க்க வேண்டும். ஒரு சாண் நீளம் முடிந்ததும் தூரிகையை எடுத்துவிட்டு, டயரைப் பிடித்துக் கையினால் சக்கரத்தைப் பின்னோக்கிச் சிறிது திருப்புங்கள். பின்னோக்கித் திருப்பினால் சங்கிலியின் கீழ்ப்பகுதி பின் பற்சக்கரத்தை விட்டு விலகிச் செல்லும். முன்னோக்கித் திருப்பினால் பற்சக்கரத்துக்குள் போகும். துணியையும் விரலையும் தன்னோடு அழைத்துக்கொண்டு போகும். கையால் மெதுவாகச் சுற்றும்போதுகூட, பல்லும் சங்கிலியும் கூடுகிற அந்த இடத்தில் விரல் வைக்கலாகாது.

நான்காவது, சங்கிலி முழுவதும் தேய்த்தானதும் உலர்ந்த துணியால் நன்றாகத் துடையுங்கள். ஒரு கால் மணி நேரம் உலரட்டும். அதற்குள் ஒரு காப்பி குடித்துவிட்டு வரலாம்.

ஐந்தாவது, எண்ணெய். கியர் பெட்டிகளுக்கு விடும் 90 எண் கியர் எண்ணெய் நல்லது. சங்கிலிக்கென்றே குப்பியில் அடைத்து விற்கும் பீச்சும் எண்ணெயும் நல்லதே. அதைக் கீழ்ச்சங்கிலியின் மேற்புறத்தில், அதாவது வளையத்தின் உட்பக்கத்தில் விட வேண்டும். ஏனென்றால் சங்கிலி வேகமாகப் பற்சக்கரத்தைச் சுற்றும்போது எண்ணெய் வெளிப்பக்கம் நோக்கி வீசப்படும். உட்பக்கத்தில் விட்ட எண்ணெய், போகும் வழியில் மூட்டுகளை நனைத்துக்கொண்டு போகும். வெளிப்பக்கத்தில் விட்டதோ உங்கள் சட்டை முதுகில் புள்ளிக் கோலம் போடும். ஒவ்வோர் உருளைக்கும், தகடுகளின் ஒவ்வொரு சந்துக்கும் ஒரு சொட்டுப் போதும். சக்கரத்தைப் பத்துப் பன்னிரண்டு முறை கையால் சுற்றி, சில மணி நேரம் ஊறவிட்டு, மேலே மிஞ்சிய எண்ணெயைத் துடைத்துவிடுங்கள். 'அடடா, எண்ணெய் வீணாகிறதே' என்று துடைக்காமல் விட வேண்டாம். மேலே நிற்கும் எண்ணெய் புழுதிக்கு விரித்த பாய். உள்ளே போனது மட்டுமே நம்முடைய லாபம். இரவில் எண்ணெய் விட்டு மறுநாள் காலையில் ஓட்டுவது மிகவும் சிலாக்கியம்.

டயரிலும் பிரேக் தகட்டிலும் எண்ணெய் படாமல் ஜாக்கிரதையாய் இருங்கள். பட்டுவிட்டால் நன்கு துடைத்துவிட்டே வண்டியை எடுக்க வேண்டும். அழுக்கு மண்ணெண்ணெயைச் சாக்கடையிலோ செடியின் அடியிலோ கொட்டலாகாது. ஒரு டப்பாவில் சேர்த்துப் பட்டறையில் கழிவு எண்ணெயோடு கொடுத்துவிடுங்கள்.

இவ்வளவும் எத்தனை நாளைக்கு ஒரு முறை? சாதாரணமாக 500 கிலோமீட்டருக்கு ஒரு தடவை எண்ணெய் விடுவது நல்ல வழக்கம். மழையில் நனைந்தாலும் சேற்றில் ஓடினாலும் கணக்குப் பார்க்காமல் உடனே துடைத்து எண்ணெய் விட வேண்டும். நாள்தோறும் பத்துப் பதினைந்து கிலோமீட்டர் ஓடும் வண்டிக்கு ஒவ்வொரு சனிக்கிழமையும் கழுவ வேண்டும் என்பதில்லை. எங்கள் வீட்டில் வாரந்தோறும் பார்த்து, துடைத்து, வேண்டியபோது மட்டும் முழு ஸ்நானம் செய்விக்கிறோம்.

செய்யத் தகாதவை

இஞ்சினிலிருந்து வடித்த பழைய எண்ணெயைச் சங்கிலிக்கு விடும் சிக்கன புத்தி நம்மிடையே உண்டு. அந்த எண்ணெயில் கரியும் உலோகத் துகளும் கலந்திருக்கும். அதை விடுவது, அழுக்கு நீரில் முகம் கழுவுவதற்குச் சமானம். நல்லெண்ணெயும் தேங்காயெண்ணெயும் நம் தலைக்கு உகந்தவை. சங்கிலியில் அவை நாளடைவில் பிசினாகிவிடும். கெட்டியான கிரீஸை அப்பினால் அது வெளியிலேயே நின்று மண்ணைச் சேர்க்குமேயன்றி, உள்ளிருக்கும் ஆணியைச் சென்றடையாது.

பெரிய வண்டிகள் பலவற்றில் வேறு ஜாதிச் சங்கிலி ஒன்று இருக்கிறது. தகடுகளுக்கு நடுவே சிறிய ரப்பர் வளையங்களை வைத்து, தொழிற்சாலையிலேயே கிரீஸை மூட்டுக்குள் அடைத்து அனுப்புகிறார்கள். 'ஓ-ரிங்' சங்கிலி என்பது அதன் பெயர். அதற்கு எண்ணெய் விடுவது உருளைகளும் பற்களும் தேயாமலும், தகடுகள் துருப்பிடிக்காமலும், ரப்பர் வறண்டு போகாமலும் இருப்பதற்காக. அதன்மீது கம்பித் தூரிகையோ, பெட்ரோலோ, அழுத்தமாய்ப் பீச்சும் நீரோ பட்டால் ரப்பர் கெட்டு உள்ளிருக்கும் கிரீஸ் வெளியேறிவிடும். அதற்கு வாங்கும் எண்ணெயின் குப்பியில் ஓ-ரிங் சங்கிலிக்கு ஏற்றதென்று அச்சிட்டிருக்கிறதா என்று படித்துப் பார்த்து வாங்குங்கள்.

சில வண்டிகளில் சங்கிலி முழுவதையும் மூடிய உறை உண்டு. அவற்றின் சொந்தக்காரர்கள் பாக்கியசாலிகள். புழுதியும் மழையும் எளிதில் உள்ளே நுழைவதில்லை. ஆயினும் மூடிய பெட்டிக்குள் இருப்பதை மறந்துவிடுவது மனித சுபாவம். உறையிலுள்ள ரப்பர் மூடியைக் கழற்றி எண்ணெய் விடலாம், இறுக்கத்தையும் பார்க்கலாம். ஸ்கூட்டர் வைத்திருப்பவர்களில் பெரும்பாலோருக்கு இந்தத் தொல்லையே இல்லை. அவர்கள் இக்கட்டுரையை அண்டை வீட்டாரிடம் கொடுத்துப் புண்ணியம் கட்டிக்கொள்ளலாம்.

இறுக்கமும் முதுமையும்

எண்ணெய் விட்டானதும், இரண்டு பற்சக்கரங்களுக்கும் நடுவில், கீழ்ச்சங்கிலியை விரலால் மேலும் கீழும் தள்ளிப் பாருங்கள். அது எவ்வளவு அசைய வேண்டும் என்பது வண்டிக்கு வண்டி வேறுபடும். சாதாரண வண்டிகளில் இரண்டு முதல் மூன்று சென்டிமீட்டர் வரையில் இருக்கும். உங்கள் வண்டியோடு வந்த கையேட்டில் சரியான அளவு அச்சாகியிருக்கிறது. அலமாரியின் மூலையிலிருந்து அதை எடுத்துத் தூசி தட்டுங்கள். சக்கரத்தைத் திருப்பித் திருப்பி நாலைந்து இடங்களில் பார்த்து, எங்கே அதிகம் இறுகியிருக்கிறதோ அந்த இடத்தை வைத்தே அளவைக் கொள்ள வேண்டும். 'இறுக்கமாக இருந்தால் நல்லதுதானே?' என்று எண்ணாதீர்கள். இருவர் ஏறி உட்கார்ந்ததும் வண்டியின் பின்பகுதி தாழும். அப்போது சங்கிலி இன்னும் விறைக்கும். மிதமிஞ்சி இறுகிய சங்கிலி தன்னையும் கெடுத்துக்கொண்டு, கியர் பெட்டியின் தண்டையும் சக்கரத்தின் பேரிங்குகளையும் கெடுக்கும். அளவு பிசகியிருந்தால், பின் ஆக்ஸிலைத் தளர்த்திச் சரி செய்யும் வேலையைப் பழக்கமில்லாதவர்கள் பட்டறையில் விடுவதே உசிதம். இரு பக்கமும் சமமாக நகர்த்தாவிட்டால் சக்கரம் கோணலாக நிற்கும்.

சங்கிலிக்கு முதுமை வந்துவிட்டதா என்று அறிவதற்குப் பள்ளிப் பிள்ளைகளின் அளவுகோலே போதும். சங்கிலியின் தகட்டில் 428 என்றோ 520 என்றோ ஓர் எண் பொறித்திருக்கும். முதல் இலக்கம், கண்ணியின் நீளம் எத்தனை அரைக்கால் அங்குலம் என்பதைக் காட்டுகிறது. 4 என்றால் அரை அங்குலம், அதாவது 12.7 மில்லிமீட்டர். 5 என்றால் 15.875 மில்லிமீட்டர். ஆகவே 428 சங்கிலியில் 20 கண்ணிகளும், 520 சங்கிலியில் 16 கண்ணிகளும் புதிதில் மிகச் சரியாகப் பத்து அங்குலம், அதாவது 254 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். சங்கிலியை விறைப்பாக வைத்து, ஓர் ஆணியின் நடுவிலிருந்து மற்றோர் ஆணியின் நடு வரைக்கும் அளந்து பாருங்கள். நூற்றுக்கு இரண்டு பங்கு நீண்டு 259 மில்லிமீட்டரைத் தொட்டுவிட்டால், அதற்கு மேல் ஒரு நாளும் தாமதிக்க வேண்டாம். உங்கள் வண்டியின் கையேடு அதற்குக் குறைவாகச் சொன்னால் அதையே பின்பற்றுங்கள். பற்சக்கரத்தின் பற்கள் கூர்மையாகி, ஒரு பக்கம் சாய்ந்த கொக்கிகளைப் போல் தோன்றினாலும் அதே தீர்ப்புத்தான். மாற்றும்போது சங்கிலியையும் இரண்டு பற்சக்கரங்களையும் சேர்த்தே மாற்ற வேண்டும். தேய்ந்த பல்லில் ஓடும் புதுச் சங்கிலி சீக்கிரத்திலேயே பழசாகிவிடும்.

இன்னொரு சிறு குறிப்பு. சில சங்கிலிகளில் இரு முனைகளையும் இணைக்கும் 'செயின் லாக்' ஒன்று இருக்கும். அதன் மூடிய முனை, சங்கிலி ஓடும் திசையை நோக்கியும், பிளந்த முனை பின்னோக்கியும் இருக்க வேண்டும். மாறியிருந்தால், எதிலேனும் உரசும்போது கழன்று விழும். பட்டறையிலிருந்து வண்டி வந்ததும் இதை ஒரு முறை பார்த்துவிடுங்கள்.

பின்னால் அமரும் சகோதரிகளுக்கு ஒரு வார்த்தை. 1989-ஆம் வருஷத்து மத்திய மோட்டார் வாகன விதிகளில் 123-வது விதி, பின்னால் அமர்பவருக்குக் கைப்பிடியும் கால்மிதியும் இருக்க வேண்டுமென்றும், உடை சிக்காதபடி பின் சக்கரத்தின் பாதிக்குக் குறையாமல் தடுப்பு இருக்க வேண்டுமென்றும் சொல்கிறது. அழகுக்காக அந்தத் தடுப்பைக் கழற்றி எறியும் இளைஞர்கள் உண்டு. அப்படிப்பட்ட வண்டியில் ஏற மாட்டேன் என்று சொல்லிவிடுங்கள். புடவைத் தலைப்பை மடியில் சேர்த்துச் செருகிக்கொண்டு உட்காருங்கள்.

கை அழுக்கானால் என்ன?

'இதெல்லாம் மெக்கானிக் செய்ய வேண்டிய வேலையல்லவா? படித்தவர்கள் கையைக் கறுப்பாக்கிக்கொள்ள வேண்டுமா?' என்று கேட்பவர்கள் உண்டு. நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் நினைத்தேன். அதனால்தான் இந்த வேலையைச் சீக்கிரமாய், கை அதிகம் அழுக்காகாமல், இரண்டே நிமிஷத்தில் முடித்துவிட வேண்டுமென்ற அவசரம் எனக்கு இருந்தது. அந்த அவசரத்துக்கு என் மகன் விலை கொடுத்தான். ராட்டை சுற்றிய வீடுகளில், கதிருக்கு எண்ணெய் விடுவதை ஒருவரும் கேவலமாக எண்ணியதில்லை. பட்டம் பெற்றவர்களும் தரையில் உட்கார்ந்து அதைச் செய்தார்கள். நூலும் அறுந்ததில்லை, கௌரவமும் குறைந்ததில்லை. நம்மைச் சுமக்கும் யந்திரத்தின் தேவையைத் தெரிந்துகொண்டு, அதைத் தன் கையால் கவனிப்பதும் சுதந்தர மனிதனின் லட்சணங்களில் ஒன்று என்றே எனக்குத் தோன்றுகிறது.

காயம் ஆறிய பிறகு என் மகன் அந்த வண்டியின் பக்கம் சில மாதங்கள் போகவே இல்லை. நானும் வற்புறுத்தவில்லை. சனிக்கிழமைகளில் நான் மட்டும் செய்தித்தாளை விரித்து உட்காருவேன். சாவியை எடுத்துச் சட்டைப் பையில் போடும்போது அவன் ஜன்னலருகில் நின்று பார்ப்பது தெரியும். ஒரு சனிக்கிழமை அவனே வந்து எதிரில் குந்தி உட்கார்ந்தான். "சாவியை எடுத்தாயிற்றா, அப்பா?" என்று கேட்டான். பையிலிருந்த சாவியை எடுத்துக் காட்டினேன். அதை அவன் வாங்கித் தன் பையில் போட்டுக்கொண்டு, இடது கையால் தூரிகையை எடுத்தான்.

நேயர்களே, வருகிற சனிக்கிழமை உங்கள் வீட்டு வாசலிலும் இந்த ஸ்நானம் நடக்கட்டும். இஞ்சினை நிறுத்திவிட்டு ஆரம்பியுங்கள். பக்கத்தில் ஒரு சிறு பையனோ பெண்ணோ உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கலாம்.